மரக்கூழ் வாணிகத்தில் இரு நாடுகள்



உங்கள் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கிழித்து, கிழிந்த ஓரத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மயிரினும் மெல்லிய இழைகள் நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். அது நம் கரூர்ப் பக்கத்து ஆலையில் செய்த காகிதமாயின், கரும்புச் சக்கையின் நாரும் அதில் இருக்கக்கூடும். உலகில் புதிதாகச் செய்யப்படும் காகித நாரில் பெரும்பகுதியோ மரத்திலிருந்துதான் வருகிறது. மரத்தைச் சிறு சில்லுகளாக நறுக்கி, இரசாயன நீரில் வேகவைத்து, நார்களை ஒன்றோடொன்று பிணைத்துவைத்திருக்கும் லிக்னின் என்னும் பொருளைக் கரைத்து நீக்கினால் எஞ்சுவது மரக்கூழ். அதைத் தடித்த தகடுகளாக உலர்த்திப் பொதிகளாகக் கட்டி, நாடு விட்டு நாடு கப்பலில் அனுப்புகின்றனர்.

இந்த வாணிகத்தில் ஈடுபட்ட இரண்டு நாடுகளின் கதையை இன்று கூற விரும்புகிறேன். ஒன்று வட அமெரிக்காவிலுள்ள கனடா. மற்றொன்று தென் அமெரிக்காவிலுள்ள பிரேசில்.

முதலில் சில எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 2000-ஆம் ஆண்டில் கனடா 600 கோடி அமெரிக்க டாலருக்கு மேற்பட்ட மரக்கூழை ஏற்றுமதி செய்தது. அதே ஆண்டில் பிரேசிலின் ஏற்றுமதி ஏறத்தாழ 160 கோடி டாலர். 2010-இல் பிரேசிலின் தொகை 470 கோடியைத் தாண்டியது. ஆயினும் கனடாவே முன் நின்றது. அடுத்த சில ஆண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. 2018-இல் பிரேசில் 800 கோடி டாலருக்கு மேல் ஈட்டிக் கனடாவை முந்தியிருந்தது. 2024-இல் பிரேசிலின் மரக்கூழ் ஏற்றுமதி 1000 கோடி டாலரையும் கடந்தது. கனடா வெகுவாகப் பின்தங்கிவிட்டது.

நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில், இத்தகைய அட்டவணை ஒன்றை உயர்வகுப்பு மாணவர்களிடம் கொடுத்து வரைபடம் போடச் சொன்னேன். இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தைப் பார்த்துவிட்டு ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, கனடாவில் காடு தீர்ந்துபோய்விட்டதா?" என்று கேட்டான். வகுப்பில் சிலர் சிரித்தனர். அது சிரிக்கத்தக்க கேள்வியன்று. எண்ணைக் கண்டவுடன் காரணத்தைத் தேடும் மனம் அவனுக்கு இருந்தது. அவன் தேடிய காரணம் மட்டுமே தவறு. கனடாவில் அன்றும் இன்றும் ஏறத்தாழ 36 கோடி ஹெக்டேர் காடு இருக்கிறது. பிரேசில் நட்டு வளர்க்கும் யூகலிப்டஸ் தோட்டங்களோ எல்லாம் சேர்ந்தே 75 இலட்சம் ஹெக்டேரைச் சற்றுத் தாண்டும். அவற்றிலும் ஒரு பகுதி கரிக்கும் பலகைக்கும் போய்விடுகிறது. அப்படியிருக்க, சிறிய தோட்டம் பெரிய காட்டை எவ்வாறு வென்றது? இதற்கு விடை காண நூற்றெண்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் காகிதம் கந்தல் துணியிலிருந்து செய்யப்பட்டது. கல்வி பரவிற்று, செய்தித்தாள்கள் பெருகின, கந்தலுக்குப் பஞ்சம் ஏற்பட்டது. குளவி மரத்தைக் கடித்து மென்று, தாள் போன்ற கூடு கட்டுவதைக் கவனித்த ரெயோமூர் என்னும் பிரெஞ்சு அறிஞர், மரத்திலிருந்தே காகிதம் செய்யலாகும் என்று 1719-இலேயே சுட்டிக்காட்டியிருந்தார். அக்கருத்து செயலுக்கு வர ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. 1844-இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாப் பகுதியைச் சேர்ந்த சார்லஸ் ஃபெனர்ட்டி என்பவர், ஸ்ப்ரூஸ் மரத்திலிருந்து தாம் செய்த காகிதத் துண்டு ஒன்றை ஹாலிஃபாக்ஸ் நகரத்துச் செய்தித்தாள் ஒன்றுக்கு அனுப்பிவைத்தார். அதே காலத்தில் ஜெர்மனியின் சாக்ஸனியில் ஃபிரெடரிக் கெல்லர் என்பவர் மரத்தைச் சாணைக்கல்லில் தேய்த்துக் கூழாக்கும் முறையைக் கண்டுபிடித்தார். கெல்லரின் முறை தொழிலாக வளர்ந்தது. ஃபெனர்ட்டியின் முயற்சி வளரவில்லை.

அரைத்த கூழில் லிக்னின் தங்கிவிடுவதால் அதில் செய்த காகிதம் விரைவில் மஞ்சளாகும். பழைய செய்தித்தாளில் இதை நீங்கள் கண்டிருப்பீர்கள். லிக்னினைக் கரைத்து நீக்கும் இரசாயன முறைகள் பின்னர் வந்தன. அவற்றுள் தலையாயது, ஜெர்மானியரான கார்ல் டால் 1884-இல் காப்புரிமை பெற்ற சல்ஃபேட் முறை. இம்முறையில் கிடைக்கும் கூழ் மிக வலியது. 'கிராஃப்ட்' என்று அதற்கு ஏற்பட்ட பெயருக்கு ஜெர்மன் மொழியில் வலிமை என்றே பொருள். மரம் வெந்தபின் மிஞ்சும் கருநீரை எரித்து, நீராவியையும் பெற்று, இரசாயனப் பொருள்களையும் மீட்டெடுக்கும் கொதிகலன் கனடாவில் டாம்லின்சன் என்பவரின் முயற்சியால் 1930களில் உருவாயிற்று. அதன் பிறகே இம்முறை மலிவானதாக உலகெங்கும் பரவியது.

கனடாவுக்கு இயற்கை மூன்று செல்வங்களை அளித்திருந்தது. நீண்ட நாருள்ள ஊசியிலை மரங்கள். மரத்தை மிதக்கவிடவும் எந்திரத்தைச் சுழற்றவும் வல்ல ஆறுகள். தெற்கே, செய்தித்தாளுக்கு அடங்காப் பசி கொண்ட அமெரிக்க ஐக்கிய நாடு. ஆனால் இயற்கை அளித்ததைக் கொண்டு மட்டும் அந்நாடு உயரவில்லை. அரசுக்குச் சொந்தமான நிலத்தில் வெட்டிய கூழ்மரத்தைக் கட்டையாகவே வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது. உள்நாட்டில் கூழாகவோ காகிதமாகவோ ஆக்கிய பின்னரே அனுப்ப வேண்டும் என்று ஒண்டாரியோ மாகாணம் 1900-இல் விதித்தது. குவிபெக் மாகாணம் 1910-இல் அதைப் பின்பற்றியது. அமெரிக்கப் பத்திரிகை முதலாளிகளுக்கோ மலிவான தாள் வேண்டியிருந்தது. 1913-இல் அமெரிக்கச் சுங்கச் சட்டம் செய்தித்தாள் காகிதத்துக்கு இருந்த வரியை நீக்கியது. எல்லைக்கு வடக்கே ஆலைகள் எழுந்தன. ஆலைகளைச் சுற்றி ஊர்கள் எழுந்தன. கட்டையை விற்ற நாடு, கூழையும் காகிதத்தையும் விற்கும் நாடாயிற்று.

இனி பிரேசிலுக்கு வருவோம். பிரேசில் என்றவுடன் அமேசான் பெருங்காடு உங்கள் நினைவுக்கு வரும். ஆனால் அந்நாட்டின் ஏற்றுமதிக் கூழ் அக்காட்டு மரங்களிலிருந்து வருவதன்று. நூறு வகை மரங்கள் கலந்து நிற்கும் வெப்பமண்டலக் காடு, ஒரே தன்மையான கூழுக்கு ஏற்றதன்று. பிரேசிலின் கூழ்மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த விருந்தாளி. நாம் தைலமரம் என்று அழைக்கும் யூகலிப்டஸ்தான் அது. 1843-இல் நம் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டு விறகுக்காக வளர்க்கப்பட்டதும் இக்குடும்பத்து மரமே, வகைதான் வேறு. பிரேசிலிலும் அது விறகாகவே நுழைந்தது. சாவோ பாலோ மாகாணத்தில் பவுலிஸ்டா இரயில்வே நிறுவனத்துக்காக எட்முண்டோ நவாரோ டி அந்திராடே என்னும் வேளாண் அறிஞர், 1904 முதல் பல மரங்களை நட்டு ஒப்பிட்டுப் பார்த்தார். இரயில் எஞ்சினுக்கு விறகு தருவதில் யூகலிப்டஸே சிறந்தது எனக் கண்டு அதைப் பரப்பினார்.

அந்த விறகு காகிதமாகும் என்று நெடுங்காலம் பலர் நம்பவில்லை. ஸ்ப்ரூஸ் மரத்தின் நார் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளமுள்ளது. யூகலிப்டஸின் நாரோ ஒரு மில்லிமீட்டரை எட்டுவதே அரிது. குட்டை நாரில் வலிய காகிதம் செய்ய முடியுமா என்று ஐயுற்றனர். 1950களில் சுசானோ என்னும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் சோதனை மேல் சோதனை செய்து, முற்றிலும் யூகலிப்டஸ் கூழாலேயே நல்ல காகிதம் செய்யலாகும் என்று காட்டினர். எழுதும் தாளுக்கும் அச்சுத் தாளுக்கும் மெல்லிய துடைப்புத் தாளுக்கும் வழுவழுப்பும் மென்மையும் தருவதில் குட்டை நாரே மேலானது என்பதும் விளங்கிற்று.

1966-இல் மரம் நடுவோருக்கு வரிச்சலுகை அளிக்கும் சட்டம் பிரேசிலில் வந்தது. மினாஸ் ஜெராயிஸ் மாகாணத்தில் ஜப்பானியர் பங்கு கொண்ட செனிப்ரா ஆலை 1977-இலும், எஸ்பிரிட்டோ சாண்டோ மாகாணத்தில் அராக்ரூஸ் ஆலை 1978-இலும் இயங்கத் தொடங்கின. அராக்ரூஸ் தோட்டங்களில் தண்டுப் புண்நோய் பரவி மரங்களை வாட்டியது. அங்கிருந்த வன வல்லுநர்கள் மனம் தளரவில்லை. நோய்க்கு ஈடுகொடுத்து ஓங்கி நின்ற மரங்களைத் தேர்ந்தெடுத்து, விதையால் அன்றிக் கிளைத் துண்டுகளை வேர்விடச் செய்து பெருக்கினர். தாயை ஒத்த கன்றுகள் இலட்சக்கணக்கில் உண்டாயின. அவ்வல்லுநர்களுக்கு 1984-இல் சுவீடன் நாட்டின் மார்க்கஸ் வாலன்பர்க் பரிசு கிடைத்தது. மரக்கூழ்த் தொழிலில் பழந்தின்ற ஒரு வட நாடு, நேற்று வந்த தென் நாட்டுக்குச் செய்த மரியாதை அது.

இப்பொழுது அந்த மாணவனின் கேள்விக்கு விடை கூறலாம். கனடாவின் வடகாட்டில் ஒரு ஸ்ப்ரூஸ் மரம் வெட்டும் பருவத்தை அடைய எழுபது, எண்பது, சில இடங்களில் நூறு ஆண்டுகள் ஆகும். குளிர் மிகுந்த அந்நிலத்தில் ஒரு ஹெக்டேர் காடு ஓராண்டில் வளர்க்கும் மரம் இரண்டு கன மீட்டரைத் தாண்டுவது அரிது. பிரேசிலில் தேர்ந்தெடுத்த யூகலிப்டஸ் ஆறு அல்லது ஏழு ஆண்டுகளில் அறுவடைக்கு வந்துவிடுகிறது. ஒரு ஹெக்டேர் ஆண்டுக்கு ஏறத்தாழ 35 கன மீட்டர் மரம் தருகிறது. பாட்டன் நட்டதைப் பேரன் வெட்டும் நாடு ஒன்று. பள்ளியில் சேர்ந்த பிள்ளை நடுநிலைப்பள்ளியை முடித்துச் செல்வதற்குள் நட்டதை வெட்டிவிடும் நாடு மற்றொன்று. பிரேசில் கனடாவைக் காட்டின் பரப்பால் வெல்லவில்லை, காலத்தால் வென்றது. ஆலைக்கு அருகிலேயே தோட்டம், தோட்டத்துக்கு எட்டும் தொலைவில் துறைமுகம் என்று அமைத்துக்கொண்டதும் அதற்குத் துணை நின்றது.

கனடாவின் பக்கத்திலும் பல இன்னல்கள் சேர்ந்தன. 2000-க்குப் பின் இணையம் பரவப் பரவ அமெரிக்காவில் செய்தித்தாள் காகிதத்தின் தேவை சுருங்கிற்று. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1990களின் இறுதியிலிருந்து மலைப் பைன் வண்டு என்னும் சிறு பூச்சி பெருகி, அங்குள்ள பைன் மரங்களில் பாதிக்கு மேல் அழித்துவிட்டது. கடுங்குளிரில் மடிய வேண்டிய பூச்சி, குளிர்காலம் தணிந்தமையால் மடியாமல் பெருகிற்று. 2023-ஆம் ஆண்டின் தீயில் மட்டும் கனடாவில் ஒன்றரைக் கோடி ஹெக்டேருக்குக் குறையாத பரப்பு எரிந்தது. மேலும், அங்குள்ள கூழ் ஆலைகள் பெரும்பாலும் மரமறுக்கும் ஆலைகளில் கழியும் சில்லுகளை நம்பியே வாழ்கின்றன. அறுப்பு ஆலை மூடினால் கூழ் ஆலைக்கு இரை இல்லை. பிரின்ஸ் ஜார்ஜ் நகரில் 2023-இலும் 2024-இலும் கூழ் உற்பத்தி குறைக்கப்பட்டதற்கு இதுவே பெருங்காரணம்.

மாணவர்களே, இதுவரை கூறியதைக் கேட்டு, 'மதிப்பு உயர்ந்தால் நாடு உயர்ந்தது; தாழ்ந்தால் நாடு தாழ்ந்தது' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஏற்றுமதி மதிப்பு என்பது அளவையும் விலையையும் பெருக்கி வரும் தொகை. 2018-இல் பிரேசில் அனுப்பிய கூழ் ஏறத்தாழ 1 கோடியே 47 இலட்சம் டன். அதன் மதிப்பு 830 கோடி டாலர் அளவு. 2020-இல் அனுப்பியது ஏறத்தாழ 1 கோடியே 56 இலட்சம் டன். மதிப்போ 600 கோடி டாலர் அளவுதான். சரக்கு கூடிற்று, பணம் குறைந்தது. உழைப்பு குறைந்ததா? இல்லை. கழிவுத்தாள் இறக்குமதியைச் சீனா கட்டுப்படுத்தத் தொடங்கியபோது 2018-இல் கூழின் விலை ஏறியிருந்தது; பின்னர்க் கிடங்குகளில் சரக்குத் தேங்கி விலை சரிந்தது. அவ்வாறே 2024-இல் பிரேசிலின் மதிப்பு உயர்ந்ததிலும் விலையேற்றத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

இரண்டாவதாக, நாணயத்தைக் கவனிக்க வேண்டும். 2002-இன் தொடக்கத்தில் ஒரு கனடிய டாலர் 62 அமெரிக்கக் காசு பெற்றது; 2007-இல் அது அமெரிக்க டாலருக்குச் சமமாக உயர்ந்தது. ஒரு டன் கூழை 600 அமெரிக்க டாலருக்கு விற்றதாக வைத்துக்கொள்ளுங்கள். முன்னதில் கனடிய ஆலைக்கு ஏறத்தாழ 970 கனடிய டாலர் கையில் கிடைக்கும். பின்னதில் 600 மட்டுமே. அட்டவணையில் இரண்டும் ஒரே எண்ணாகத் தோன்றும். ஆலைக்கும் தொழிலாளிக்கும் அவை ஒன்றல்ல.

மூன்றாவதாக, சரக்கின் தன்மை. நெடுநார்க் கூழும் குட்டைநார்க் கூழும் ஒன்றுக்கொன்று முழு மாற்று அல்ல. வலிமைக்கு முன்னதையும் மென்மைக்குப் பின்னதையும் கலந்தே பல காகிதங்கள் செய்யப்படுகின்றன. நான்காவதாக, ஒரு நாடு தன் கூழை உள்நாட்டிலேயே காகிதமாக்கி விற்றால், கூழ் ஏற்றுமதிக் கணக்கில் அது தோன்றாது. செய்தித்தாள் காகிதமாகக் கனடா விற்ற கூழ் முழுவதும் இவ்வாறு வேறு பத்தியில் மறைந்திருந்தது.

இவை யாவும் கணக்கில் நிற்பவை. கணக்கில் நில்லாதவையும் உண்டு. ஃபெனர்ட்டி பிறந்த நோவா ஸ்கோஷியாவில், பிக்டோ மாவட்டத்தில் 1967-இல் ஒரு கூழ் ஆலை தொடங்கியது. அதன் கழிவு நீர், மிக்மாக் என்னும் பழங்குடி மக்களின் குடியிருப்பை அடுத்திருந்த போட் ஹார்பர் என்னும் கடல்கழிக்குள் விடப்பட்டது. மீன் பிடித்தும் நீந்தியும் அம்மக்கள் வாழ்ந்த நீர்நிலை அது. அரை நூற்றாண்டு அவர்கள் அதை இழந்திருந்தனர். கழிவு விடுவதை 2020 ஜனவரி இறுதிக்குள் நிறுத்த வேண்டும் என்று மாகாண அரசு 2015-இல் சட்டம் இயற்றியது. மாற்று ஏற்பாடு அமையாமையால் ஆலை மூடப்பட்டது. பழங்குடியினர் நிம்மதி அடைந்தனர். ஆலைத் தொழிலாளரும் மரம் வெட்டுவோரும் பிழைப்பை இழந்தனர். ஏற்றுமதி அட்டவணையில் ஓர் எண் குறைந்தது. அக்குறைவில் ஒரு சாராரின் துன்பமும் மற்றொரு சாராரின் நீதியும் ஒருங்கே அடங்கியிருந்தன.

பிரேசிலிலும் இத்தகைய கதை உண்டு. எஸ்பிரிட்டோ சாண்டோவில் யூகலிப்டஸ் நடப்பட்ட நிலத்தில் ஒரு பகுதி தங்கள் மூதாதையர் நிலம் என்று துப்பினிக்கின், குவரானி மக்கள் பல்லாண்டு போராடினர். 2007-இல் அரசு ஏறத்தாழ 18,000 ஹெக்டேரை அவர்களுடையது என அறிவித்தது. ஒரே மரம் கண்ணுக்கெட்டும் வரை நிற்கும் தோட்டத்தைப் 'பசும்பாலை' என்று அந்நாட்டில் பழிப்போர் உண்டு. வெறுமையான மேய்ச்சல் நிலத்தில் மரமும் வேலையும் தந்தது என்று புகழ்வோரும் உண்டு. ஓங்கி ஏறிய அந்தக் கோட்டில் இவ்விரண்டு குரலும் கேளா.

அன்று வகுப்பில் அந்த மாணவனுக்கு நான் உடனே விடை கூறவில்லை. "காடு தீர்ந்துவிட்டதா என்று கேட்டாய். அதோடு வேறு சில கேள்விகளையும் எழுதிக்கொண்டு நாளை வா" என்றேன். மறுநாள் அவன் நான்கு கேள்விகள் எழுதி வந்தான்: எத்தனை டன்? என்ன விலை? எந்த நாணயம்? அது எந்த மரம்? மற்ற மாணவர்கள் அவற்றைத் தங்கள் ஏட்டில் படியெடுத்துக்கொண்டனர். அவற்றின்கீழ் ஐந்தாவதாக ஒன்றை நான் சேர்த்தேன்: அந்த ஆலைக்குப் பக்கத்தில் வாழ்வோர் யார்?

எந்த நாட்டின் எந்தச் சரக்கைப் பற்றிய அட்டவணை உங்கள் கைக்கு வந்தாலும் இவ்வைந்து கேள்விகளையும் கேட்டுப் பழகுங்கள். விடை ஒரு நாளில் கிடைக்காவிட்டாலும் தேடுங்கள். வரலாறும் பூகோளமும் பொருளாதாரமும் அங்கே ஒன்றாகக் கூடி உங்களுக்காகக் காத்திருக்கக் காண்பீர்கள்.